கொஞ்சம் மிரட்டி அனுப்புங்க

வேம்புலியின் வடகறியில் உப்புக் கூடிப்போனால், முந்தின நாள் சாயங்காலம் அவள் புருஷன் பாண்டியன் ஏரிக்கரைக்குப் போய்க் கலைவாணியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி கேட்டுக்கு எதிரே அவளிடம் நாஸ்டா சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. "இன்னாக்கா, இன்னிக்கு கை தாராளமா கீதே" என்று கேட்டுவிட்டு இன்னொரு இட்லி வாங்கித் தொட்டுக்கொள்வார்கள். எனக்குத் தெரியும். பருத்திப்பட்டில் மாவு மில் வைத்திருக்கிறவளுக்குத் தெரியாத சமாச்சாரம் ஒன்று இருந்தால், அது இன்னும் நடக்காத சமாச்சாரமாகத்தான் இருக்கும்.

என் மில், ஏரிக்கு இறங்குகிற சந்தின் முனையில் இருக்கிறது. பெல்ட் ஓடும்போது கத்தித்தான் பேச வேண்டும். அதனால் இங்கே யார் குடும்பமும் தெருவுக்குக் கேட்காமல் இருந்ததில்லை. வேம்புலி மத்தியான வேளையில் வருவாள். ஒரு கையில் ஊறின அரிசி வாளி, இன்னொரு கையில் உளுந்து, இடுப்பில் கடலைப்பருப்புத் தூக்கு. அரிசியும் உளுந்தும் கல்லில் ஓடுகிற வரைக்கும் கீழே குந்திக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். கடலைப்பருப்பை மட்டும் நான் தொடக் கூடாது. அது கொரகொரப்பாக இருக்க வேண்டும், அவளே பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அள்ளுவாள். மற்றவர்கள் நேற்று மீந்த வடையை உதிர்த்துப் போட்டு வடகறி என்பார்கள். இவள் அதற்கென்று புதிதாகப் பொரித்து, கையால் உதிர்த்து, சோம்பும் பட்டையும் மணக்கிற குழம்பில் போட்டு, எண்ணெய் மேலே வருகிற வரைக்கும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள். விடிவதற்குள் பாண்டியன் அவள் தள்ளுவண்டியையும் சட்டிகளையும் தன் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கேட்டில் இறக்கிவிட்டு, எஸ்டேட்டில் லோடு அடிக்கப் போவான். நல்ல உழைப்பாளிகள் இரண்டு பேரும். இவர்களுடைய அப்பன்கள் எங்கள் மாமனார் நிலத்தில் ஏர் ஓட்டியவர்கள். அந்த நிலத்தில் இப்போது லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. எங்களுக்கு மில் மிஞ்சியது, அவர்களுக்கு வண்டி மிஞ்சியது.

கலைவாணி எஸ்டேட்டில் பேக்கிங் லைனில் நின்றவள். காண்ட்ராக்ட் பெண்களை ஒட்டுமொத்தமாக வெளியே அனுப்பியபோது, வாயைத் திறந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். அப்புறம் ஏரிக்கரைக் குடிசைகளை இடித்து ஜனங்களை எங்கேயோ கண்காணாத இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். கல்யாணம் ஆகாதவள். சுடிதாருக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பாள். முதல் கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு போனவன் பாண்டியன். வாடகைக்குப் போனவன், இறக்கிவிட்டுத் திரும்பி வராமல் கடைசி வரைக்கும் நின்று கேட்டான். அடுத்த கூட்டத்துக்கு வாடகை வேண்டாம் என்றுவிட்டான்.

"அவ இன்னா அவ்ளோ அழகியா?" என்று வேம்புலியிடம் ஒருநாள் கேட்டேன்.

"அழகா இருந்தா பரவால்லக்கா. அழகு கொஞ்ச நாள்ல அலுத்துப் பூடும். அவ பேசறாக்கா. அவ பேசறப்போ இந்தாளு வாயப் பொளந்துகினு நிக்கறான். நான் பேசறப்போ போன நோண்டிகினு கீறான்."

"ஆம்பளைங்கன்னா அப்டித்தான்."

"இன்னா அப்டித்தான். நேத்து சோறு துன்னுகினே, 'அது சலுகை இல்லமே, நம்ம உரிமை'ன்றான். இன்னா விசயம்னு பாத்தா, ரேசன்ல பாமாயில் குடுக்கலியாம். கட்டிகினு வந்து இத்தினி வருசத்துல எங்கிட்ட உரிமைன்னு ஒரு வார்த்த பேசிருப்பானா? இப்போ அவ வாயில வந்தது இவன் வாயில வருது. என் ஊட்ல குந்திகினு அவ பேசற மாதிரியே கீதுக்கா."

எனக்கும் அப்போது உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான், ஏன் மறைக்க வேண்டும். எனக்கு வாய்த்த கங்காதரன், டிவி ரிமோட்டைத் தவிர வேறு எந்த உரிமைக்கும் போராடியதில்லை. இன்னொருத்தி பேச்சைக் கேட்கவாவது எழுந்து வெளியே போகிற புருஷன் வேம்புலிக்குக் கிடைத்திருக்கிறான். இதை அவளிடம் சொன்னால் பருப்புத் தூக்கை என் தலையில் கவிழ்ப்பாள் என்பதால் சொல்லவில்லை.

அவள் வடகறிப் பார்சலில்தான் முதலில் கண்டுபிடித்தாள். தம்பி வீட்டுக்கென்று கெட்டியாகப் பார்த்து எடுத்துக் கட்டி வைத்த பொட்டலம் காணாமல் போயிருந்தது. கேட்டதற்கு, ஏரிக்கரையில் ஜனங்கள் காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள், கொடுத்துவிட்டேன் என்றானாம். அன்றைக்குச் சாயங்காலம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவளே கரைக்குப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். திரும்பி வரும்போது நேராக மில்லுக்கு வந்தாள். மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டால் விஷயம் பெரிது.

"தூறல் போட்டுதில்ல. நாற்காலிலாம் ஈரம். அவ பேசி முடிச்சுட்டு குந்த வந்தா. இவன் தோள்ல கீற துண்ட எடுத்து, நாற்காலிய தொடச்சான்க்கா. முதுகு சாயற எடம், கை வெக்கற எடம், எல்லாம் தொடச்சான். அப்பாலதான் அவ குந்துனா."

"சரி, தொடச்சா இன்னா?"

"எனக்கு ஒரு தபா தொடச்சிருப்பானா? புள்ள பெத்து ஆசுபத்திரிலேர்ந்து வந்தேன், அன்னிக்குக் கூட வண்டி சீட்ல கெடந்த சிமெண்ட்டுத் தூசிமேலதான் குந்திகினு வந்தேன்."

மோட்டாரைப் போட்டேன்.

அவள் தம்பி முனியன்தான் யோசனை சொன்னான். எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். புருஷன் குடித்தாலோ, வேறு பக்கம் சாய்ந்தாலோ, பெண்கள் மகளிர் ஸ்டேஷனுக்குப் போய், கூப்பிட்டுக் கொஞ்சம் மிரட்டி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். வழக்கு வேண்டாம், அடிக்க வேண்டாம், மிரட்டினால் போதும். போலீஸ்கார அம்மா நாலு வார்த்தை காதில் விழுகிற மாதிரி பேசுவார், ஆள் தலையைக் குனிந்துகொண்டு வந்து கொஞ்ச காலம் ஒழுங்காக இருப்பான். எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

"எம் பொண்டாட்டி என்ன இஸ்துகினு போனா இல்ல, அன்னிலேர்ந்து நான் குடிக்கறனா?" என்றான் முனியன்.

"குடிக்கற" என்றாள் வேம்புலி.

"கம்மியா. நான் சொல்றது அதான்."

ஆடி முடிந்து கூழுக்கான கேழ்வரகு வரத்து ஓய்ந்திருந்தது. துணைக்கு வா என்று அழைத்தாள், போனேன். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்கார அம்மா எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் களைப்பு.

"வெறும சந்தேகம்னு சொன்னா நாங்க எப்டிம்மா கூப்புடறது. அடிக்கிறாரா?"

"இல்ல மேடம்."

"குடிக்கிறாரா?"

"அதெல்லாம் இல்ல மேடம்."

"அப்புறம் இன்னாம்மா. எதனா இருந்தா ஸ்ட்ராங்கா சொல்லு."

ஸ்ட்ராங்காகச் சொல் என்றதும் வேம்புலிக்கு உள்ளே கிடந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "அவ கும்பல்ல சேந்துட்டாரு மேடம். வண்டி அவளுக்குத்தான் ஓடுது. என் ஊட்டு சோறு அவங்களுக்குத்தான் போவுது. அவ இன்னா சொன்னாலும் செய்வாரு. கிணத்துல குதின்னா குதிப்பாரு. ஊட்டுக்கு வந்தா அவ சொல்லிக் குடுத்ததத்தான் பேசறாரு. ராப்பகலா அங்கதான் கூட்டம் போட்டுகினு கீறாங்க."

"யாரும்மா அந்தப் பொண்ணு?"

"கலைவாணி மேடம். ஏரிக்கரைல மைக்கப் புடிச்சிகினு கவர்மெண்ட்டத் திட்டிகினே இருப்பாளே, அவதான்."

அந்த அம்மா டிபன் பாக்ஸை மூடினார். எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் காக்கி போடாத ஒரு ஆள் வந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். எங்கள் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார். முதலிலிருந்து சொல்லச் சொல்லி, எழுதிக்கொண்டார். "வேற யார்லாம் வருவாங்கம்மா? உங்க வீட்டுக்காரர் வேற எங்கயாவது கூட்டிட்டுப் போனாரா?" என்று தணிந்த குரலில் கேட்டார். தன் வாழ்க்கையில் யாரும் தன் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று வேம்புலிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எழுந்து வரும்போது திரும்பி நின்று, "கொஞ்சம் மிரட்டி அனுப்புங்க சார், அடிச்சிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பாண்டியனைக் கூப்பிட்டார்கள், மிரட்டினார்கள். அவன் வந்து பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நாள் கரைப்பக்கம் போகாமல் இருந்தான். வடகறியில் உப்பு சரியாக இருந்தது. அப்புறம், கரையில் அளந்து கல் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடியும் போக ஆரம்பித்தான்.

ஐப்பசி மழையில் கலைவாணியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கேயோ பிடிபட்ட ஒரு ஆளின் போனில் அவள் நம்பர் இருந்ததாம். அந்த ஆள் தடை செய்யப்பட்ட இயக்கமாம். இவள் அந்த ஆளைத் தெரிந்தவளா, தெரியாதவளா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த கலைவாணி, மைக் பிடித்தாள், கலெக்டருக்கு மனு எழுதினாள், ஜனங்களோடு நனைந்தாள். செய்தி வந்த அன்றைக்கு வேம்புலி மில்லில் அடக்க முடியாமல் சிரித்தாள். "ஒழிஞ்சா" என்றாள். மறுநாள் காலையில் சிரிப்பு போய்விட்டது.

நாஸ்டா வியாபாரம் மும்முரமாக நடக்கிற நேரம். நாலைந்து பேர் வந்து தட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வடகறி பிரமாதம் என்று ஒருவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவி, காசு கொடுத்துவிட்டுத்தான், "பாண்டியன் யாரும்மா?" என்று கேட்டார்கள். அவன் குட்டியானையின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். சின்ன விசாரணை என்றார்கள். வேம்புலிக்கு இதுவும் மகளிர் ஸ்டேஷன் சமாச்சாரம் என்றுதான் பட்டது.

"சார், நான் இப்போ புதுசா எதுவும் சொல்லலியே" என்றாள்.

"பழசே போதும்மா" என்றார் வடகறி கேட்டு வாங்கியவர்.

அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள், வண்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டி கேட்டிலேயே கிடந்தது. முனியனும் நானும் போய் எஸ்டேட்டிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அதற்கப்புறம் தெரு தெருவாக இல்லை. ஏரிக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, எங்கே பாம்பு வந்தது, இதெல்லாம் போடுவார்கள். ஒரே நாளில் எல்லோரும் வெளியேறி, கடைசியில் குரூப்பில் மிஞ்சியது என் கங்காதரன் ஒருவர். அவருக்கு எப்படி வெளியேறுவது என்று தெரியாது. கரைக்கு டீ கொடுத்தவர் கடையை மூடிக்கொண்டு மாங்காட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வேம்புலியிடம் வடகறி வாங்கினால் போட்டோ எடுப்பார்களாம் என்று யாரோ கிளப்பிவிட, கம்பெனி ஆட்கள் இரண்டு கடை தள்ளிப் போய்ச் சாப்பிட்டார்கள். நான் கூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரை ஜனங்களுக்குக் கஞ்சிக்கு நொய் உடைத்துக் கொடுத்தது என் மில்.

கேஸை எடுத்து நடத்த வந்தவர் மணவாளன் என்ற வக்கீல். சின்ன வயசு, பெரிய நம்பிக்கையெல்லாம் கொடுக்காத மனிதர். மில்லிலேயே மூட்டைமேல் உட்கார்ந்து பேசினார்.

"அந்தாளு இன்னாதான் செஞ்சாருன்னு எழுதிக்கீறாங்க சார்?" என்றாள் வேம்புலி.

"ஆதரவு குடுத்தாருன்னு. துணை போனாருன்னு."

"அப்டின்னா?"

"அதாம்மா சிக்கல். யூஏபிஏன்னு தீவிரவாதிங்களுக்கு வெச்ச சட்டம். குண்டு, துப்பாக்கின்னு சொல்லிட்டு, அப்புறம் 'வேறு எந்த வகையிலானாலும்'னு ஒரு வரி வெச்சிருக்காங்க. மிரட்டல் உண்டாக்கினா மட்டும் இல்ல, உண்டாக்கக்கூடும்னு பட்டாலும் சரி. கூடும்னா யாருக்கு, எவ்வளவுன்னு சொல்லல. அந்த வரிக்குள்ள உங்க வண்டியும் போகும், நாற்காலியும் போகும், வடகறிப் பொட்டலமும் போகும். ஜாமீன் கேட்டா, குத்தம் மேலோட்டமா நம்பற மாதிரி இருந்தாலே குடுக்கக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இது வேம்புலி எழுதன சட்டம் மாதிரில்ல கீது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சிந்திக் கிடந்த மாவைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்பற மாதிரி இருக்கறதுக்கு முக்கியமே உங்க வாக்குமூலம்தாம்மா. கும்பல்ல சேந்துட்டாரு, வண்டி அவளுக்கு ஓடுது, சொன்னா குதிப்பாரு. பொண்டாட்டியே சொல்லிருக்காங்கன்னு வெச்சிருக்காங்க."

"அது பொய்யி சார். வயித்தெரிச்சல்ல சொன்னது."

"இப்போ அப்டிச் சொன்னா, புருஷனக் காப்பாத்த மாத்திப் பேசறீங்கன்னுதான் சொல்வாங்க. ஒரு வழி இருக்கு, நிக்குமான்னு தெரியல. அந்த இயக்கத்துக்கு உதவணும்னு நெனச்சு அவர் போகல, வேற காரணத்துக்குப் போனாருன்னு காட்டணும்."

"வேற இன்னா காரணம்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க மொதல்ல ஸ்டேஷனுக்கு எதுக்காகப் போனீங்களோ, அந்தக் காரணம்."

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க நானும் கூடப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் கூட்டமாக, அந்தப் பக்கம் அவர்கள் கூட்டமாக, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். என் மில்லே பரவாயில்லை. பாண்டியன் இளைத்திருந்தான்.

"இன்னாமே, கட போடறியா?"

"கடைய வுடு. நான் கேக்கறதுக்கு ஆமான்னு சொல்லு. நீ அவமேல ஆசப்பட்டுதான் போன."

"இன்னா பேசற நீ."

"சொல்லுயா. ஒரு வார்த்த. கோவிச்சுக்க மாட்டேன். சாமி சத்தியமா ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆசப்பட்டுதான் போனேன்னு வக்கீல் கைல சொல்லிடு."

அவன் வலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். "ஆசலாம் இல்லமே. உம்மேல சத்தியமா இல்ல. அவங்க சொன்னது சரின்னு பட்டுது. போனேன். நான் வேற ஒண்ணும் செய்யல."

வருஷம் முழுக்க இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கிடைத்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்றோம்.

"அக்கா, மெய்யாலுமே ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

"அப்போ சந்தோசம்தானே."

"இன்னா சந்தோசம். ஆசப்பட்டிருந்தா ஊட்டுக்கு வந்துருவான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு நின்றாள். "ஆசைக்குப் போயிருந்தா கூட வுட்ருவேன்க்கா. ஒரு பொம்பளைக்கு நான் ஈடு குடுப்பேன். சண்ட போடுவேன், சோறாக்கிப் போடுவேன், எப்டியோ இஸ்துகினு வந்துருவேன். சரின்னு பட்டுதுன்றானே. அதுக்கு நான் எதக் குடுத்து ஈடு கட்டறது?"

இருந்தாலும் வக்கீல் எழுதியதில் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டாள். என் புருஷனுக்கும் கலைவாணிக்கும் பழக்கம் உண்டு, அந்தப் பழக்கத்துக்காகத்தான் போனார், இயக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது என்று. பெண்கள் ஜெயிலில் இருக்கிற கலைவாணியிடம் மணவாளன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதுதான் முறை என்றார். அவள் சொல்லி அனுப்பிய பதிலையும் எங்களிடம் சொன்னார்: எழுதிக்கட்டும், நான் மறுக்க மாட்டேன், என் பேரால் ஒரு ஆள் வெளியே போனால் போகட்டும்.

வேம்புலியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அவ யாரு எனக்குப் பிச்ச போடறதுக்கு? பேரையே தூக்கிக் குடுக்கறாளா? ஒண்ணுமே இல்லாம ஒருத்தி பேரைக் குடுப்பாளா? நீயே சொல்லுக்கா, குடுப்பாளா?"

"அடிப் பாவி, இப்பத்தான ஒண்ணும் இல்லன்ன."

"அவன் சொன்னான். இவ சொல்லலியே."

அந்தக் கோபத்திலேயே கையெழுத்தைப் போட்டாள். பேனா தாளைக் கிழித்தது.

தெருவுக்கு விஷயம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும். மில்லில் மாவு அரைக்க வந்தவர்கள் அவளைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்கள், அவள் போனதும் பெல்ட்டுக்கு மேலே கத்தினார்கள். முன்பு தீவிரவாதி பெண்டாட்டி என்றார்கள். இப்போது புருஷனைப் பறிகொடுத்தவள் என்றார்கள். இரண்டாவதுதான் அவளுக்கு வலித்தது. பழைய வேம்புலியாக இருந்தால் தெருவில் இறங்கிக் கூந்தலைப் பிடித்திருப்பாள். பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் வந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்பாள்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்றைக்கு மழை நிற்கவில்லை. இரண்டு பேரையும் காவல் நீட்டிப்புக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கூண்டில் பாண்டியன் ஒரு ஓரம், கலைவாணி ஒரு ஓரம், நடுவில் போலீஸ். மணவாளன் நன்றாகத்தான் பேசினார். இவர் படிப்பறிவு குறைந்தவர், டிரைவர், ஒரு பெண்மேல் உள்ள ஈர்ப்பால் போனவர், சொந்த மனைவியே அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு சொல்கிறார் என்றார். ஈர்ப்பு என்ற இடத்தில் பாண்டியன் தலையை நிமிர்த்தி, இல்லை இல்லை என்று ஆட்டினான். கலைவாணி அசையவில்லை.

அரசாங்க வக்கீல் எழுந்தார். பெரிதாகக் கத்தவில்லை. மனைவி முதலில், கணவர் கும்பலில் சேர்ந்துவிட்டார் என்றார், இப்போது காதலிக்காகச் செய்தார் என்கிறார், எதுவானாலும் இவர் கலைவாணியின் ஆள் என்பதில் மாற்றமில்லை. நெருக்கம் இவ்வளவு என்றால் அவருடைய நோக்கம் இவருக்குத் தெரியாமல் இருக்க முடியுமா. அன்பினாலும் துணை போகலாம், அச்சத்தினாலும் துணை போகலாம், சட்டம் எந்த வகையிலானாலும் என்றுதான் சொல்கிறது. உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் முகாந்திரம் இருக்கிறது, மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்கள். வேம்புலிக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போ வுடுவாங்களாம்?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன், விடமாட்டார்களாம் என்று. முதலில் ஸ்டேஷனில் கொடுத்ததும் அவள், இப்போது கோர்ட்டில் கொடுத்ததும் அவள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அவன்மேலேயே போட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் வண்டிக்காக அவர்களை நிறுத்தியிருந்தார்கள். மழைச் சாரல் உள்ளே வரைக்கும் அடித்தது. சுவரோரம் ஒரு பெஞ்சு, தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. எஸ்கார்ட் போலீஸ்காரர் நல்ல மனிதர், அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கலைவாணி தூணில் சாய்ந்திருந்தாள். காய்ச்சலாம், நிற்க முடியவில்லை. அதுவரைக்கும் பாண்டியன் வேம்புலியின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான். குனிந்து பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தான். சாய்கிற இடம், உட்கார்கிற இடம், ஓரம். துண்டைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தான். வேம்புலியின் கண் கலைவாணியிடம் போய்விட்டது. அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. கலைவாணி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குந்துமே" என்றான் பாண்டியன்.

வேம்புலி அசையவில்லை.

"உன்னத்தான். காலையிலேர்ந்து நின்னுகினே கீற. குந்து."

அவள் போய் உட்கார்ந்தாள். ஓரத்தில் இல்லை, நட்டநடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தன் பையை வைத்தாள், இன்னொரு பக்கம் என் குடையை வாங்கி வைத்தாள். காய்ச்சல்காரி தூணில் சாய்ந்தபடியே நின்றாள். நான் ஜாடை காட்டினேன், வேம்புலி பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். வண்டி வந்தது. முதலில் கலைவாணியை ஏற்றினார்கள், அப்புறம் வேறொரு வண்டியில் அவனை ஏற்றினார்கள். இரண்டும் வேறு வேறு வண்டி என்பதை அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டதையும் நான் கவனித்தேன்.

வராந்தா காலியாகிவிட்டது. கோர்ட் ஆட்கள் விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள். பூந்தமல்லி போய் ஆவடி பஸ் மாற வேண்டும். வீட்டில் பருப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"எழுந்திருடி, போலாம்" என்றேன்.

"நீ முன்னால போக்கா. நான் இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கறேன்" என்றாள். பெஞ்சின் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். "இது எனக்குத் தொடச்சது."